துத்திக்கு மட்டும் வர்ற கருந்தேனீ: இது எது?

ஊருணிக்கரை | அக்டோபர் 19, மாலை 6:40

கானாடுகாத்தான் பக்கம் ஒரு ஊருணி மேட்டில் துத்தி ஐம்பது செடிக்குக் குறையாமல் நிற்கிறது. நாலு மணிக்கு மேல் ஒரு கருப்புத் தேனீ வருகிறது. ஒரு செ.மீ. நீளம், தடித்த உடம்பு, பின்வயிற்றில் மெல்லிய வெள்ளை வரிகள். பூவுக்குள் இறங்கி நடுத்தண்டைக் கட்டிப்பிடித்து வயிற்றைத் தேய்க்கிறது. பத்தடி தள்ளி ஆவாரை மஞ்சளாகக் கொட்டிக் கிடக்கிறது, காலடியில் தும்பை. ஒன்றையும் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று சாயங்காலமும் இதே கதை. என் கட்சி: இது துத்தியைத் தவிர வேறு பூவைத் தொடாத தேனீ. மறுப்பவர்கள் வரலாம்.

செம்பொறை | அக்டோபர் 19, இரவு 7:05

மகரந்தம் பின்னங்காலில் உருண்டையா இருந்துச்சா, வயித்துக்கு அடியில பூசினாப்ல இருந்துச்சா?

ஊருணிக்கரை | 7:11

வயிற்றுக்கு அடியில். மஞ்சள் பொடியில் புரட்டி எடுத்த மாதிரி.

செம்பொறை | 9:30

அப்ப ஆள் சிக்கிருச்சு. வயித்துக்கடியில தூரிகை மாதிரி முடி வச்சு மகரந்தம் சுமக்கிறது இலைவெட்டித் தேனீ குடும்பம். அதுக்குள்ள துத்தி மேல இவ்வளவு பிடிவாதமா இருக்கிறது லிதர்கஸ். நம்ம பக்கத்துக்கு லிதர்கஸ் அட்ராட்டஸ், 1853-ல ஃப்ரெடெரிக் ஸ்மித் பேர் வச்சது. உறுதி பண்ண மூணு இடம் பாருங்க:

பெண்ணோட முகத்துல கொம்புக்குக் கீழே ஒரு புடைப்பு. பக்கவாட்டுல பார்த்தா மூக்கு மேல கொட்டைப்பாக்கு வச்ச மாதிரி தெரியும். இலைவெட்டியில அந்த இடத்துல இப்படி ஒரு மேடு இருக்காது.

கால் கணுவோட வெளிப்பக்கம் சொரசொரன்னு முள்ளா இருக்கும். மரத்துக்குள்ள குடையும்போது சறுக்காம ஊன்றிக்க.

நகத்துக்கு நடுவுல ஒட்டும் மெத்தை கிடையாது. இதுக்குப் பத்து மடங்கு லென்ஸ் வேணும், அதுவும் பூச்சி அசையாம இருந்தா.

பேர்ல ஒரு கூத்து. 'லிதூர்கோஸ்'னா கிரேக்கத்துல கல்தச்சன். இவ வேலை பூராவும் மரத்துல. பேர் வச்சவங்க மரத்தச்சனையும் கல்தச்சனையும் குழப்பிட்டாங்க போல. நம்ம ஊர்ல இப்படிக் குழப்பினா ரெண்டு தச்சனும் சண்டைக்கு வருவாங்க.

பட்டியக்கல் | அக்டோபர் 20, காலை 6:15

ஊருணிக்கரை தம்பி, துத்தி மத்தியானத்துக்கு மேலதான் விரியும். நீங்க போறதே நாலு மணிக்கு. அந்த நேரத்துல துத்தியில இருக்குன்னா, காலையில எங்க போகுதுன்னு கேக்க வேண்டாமா? வெண்டைப்பூ விடிஞ்சதும் விரிஞ்சு உச்சிக்குள்ள சுருங்கிரும். குறுந்தொட்டி முற்பகல். பூவரசு காலையிலயே மஞ்சளா விரியும், சாயங்காலம் செவந்து போகும். எல்லாமே ஒரே குடும்பம். நாலு மணிக்கு மட்டும் போய் நின்னுக்கிட்டு "துத்திக்கு மட்டும்"னு எழுதினா எப்படி?

ஆவாரையை இதுல சாட்சிக்கு இழுக்காதீங்க. அந்தப் பூவுல தேனே கிடையாது. மகரந்தமும் குழல் நுனியில இருக்கிற ஓட்டை வழியா உலுக்கித்தான் வரணும். கருவண்டும் நீலவரித் தேனீயும் உர்ருன்னு ரீங்காரம் போட்டு உலுக்கும். வர வேண்டிய அவசியமே இல்லாத பூவுக்கு வரலைங்கிறது ஒரு ருசுவா?

ஊருணிக்கரை | அக்டோபர் 21, காலை 10:50

ஆச்சி சொன்னது சரி. ஊருணிக்கு வடக்கே பூவரசு மூன்று மரம். ஒன்பதரைக்கு மஞ்சள் பூக்களில் அதே தேனீ, அதே புடைப்பு. முதல்நாள் செவந்து தொங்கும் பூக்களில் ஒன்றுகூட இல்லை. துத்திக் கட்சியைக் கலைத்துவிட்டு துத்தி–பூவரசுக் கூட்டணிக்கு மாறிவிட்டேன்.

செம்பொறை | அக்டோபர் 21, இரவு 8:20

கூட்டணி இன்னும் பெருசு. பருத்தி, வெண்டை, புளிச்சக்கீரை, குறுந்தொட்டி, ஒற்றைச் செம்பருத்தி எல்லாம் ஒரே குடும்பம். தேனீ பாக்கிறது செடியோட பேரை இல்ல, மகரந்தத்தோட ஜாதியை. இந்தக் குடும்பத்து மகரந்தம் ஒவ்வொண்ணும் உருண்டை, பெருசு, மேலெல்லாம் முள். பருத்தியில 100 மைக்ரான் கிட்ட, அதாவது மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு வரும். அடுக்குத்தேனீயும் கொசுத்தேனீயும் மகரந்தத்தைத் தேன் தொட்டுப் பிசைஞ்சு பின்னங்கால் கூடையில உருட்டி அமுக்கி வைக்கணும். முள்ளுருண்டையை அப்படி அமுக்க முடியாது, பலாக்காயை அடுக்கிக் கோணி கட்டுற கதை. லிதர்கஸுக்குப் பிசையிற வேலை இல்ல. முரட்டு முடி வயித்துல அப்படியே சொருகிக்கிட்டுப் போயிரும்.

பருத்திக்காட்டுல தேன் தேனீ மொய்க்குதேன்னு கேப்பீங்க. தேன் சுரக்கிறது புல்லிவட்டத்துக்கு உள்பக்கம். இதழ் இடுக்கு வழியா வெளியிலிருந்தே நாக்கை விட்டு உறிஞ்சிட்டுப் போகும். நடுத்தண்டைப் பெரும்பாலும் தொடுறதில்ல. கூட்டத்தைப் பாத்து மகரந்தச் சேர்க்கை நடக்குதுன்னு எழுதுறவங்க இதைத்தான் கோட்டை விடுறாங்க.

பனங்கை | அக்டோபர் 24, மாலை 5:30

இழைக்குப் புதுசு. தேவகோட்டை ரஸ்தா ஓரம், தும்பைப் பூவில் அதே தேனீ. படம் இருக்கிறது, முகப் புடைப்பு தெளிவாகத் தெரிகிறது. மேலே எழுதியதெல்லாம் என்ன ஆனது?

செம்பொறை | 6:02

வயித்தைப் பாருங்க.

பனங்கை | 6:09

சுத்தமாக இருக்கிறது. ஒரு பொடி இல்லை.

செம்பொறை | 6:40

தேன் குடிக்க வந்திருக்கு. பிடிவாதம் பிள்ளைக்குக் கட்டிக்கொண்டு போற சோத்துல மட்டும்தான். தன் வயித்துக்குத் தும்பை, துளசி எதுல கிடைச்சாலும் குடிக்கும். ஆண் தேனீக்கு மகரந்தம் சுமக்கிற வேலையே கிடையாது, அது எந்தப் பூவுல உக்காந்திருந்தாலும் கணக்குல சேக்காதீங்க. அமெரிக்கத் தேனீ ஆய்வாளர் சார்லஸ் ராபர்ட்சன் 1925-ல 'ஒலிகோலெக்டிக்'னு, அதாவது குறிப்பிட்ட சில செடிகள்ல மட்டும் மகரந்தம் எடுக்கிறதுன்னு, சொல் கொண்டு வந்தது மகரந்தத்தை மட்டும் வச்சு. "எந்தப் பூவுல பாத்தேன்"னு பட்டியல் போட்டா பாதி பொய்யாப் போகும். "எந்தப் பூவுல மகரந்தம் எடுத்துச்சு"ன்னு போடணும். படம் போடுறவங்க பூவை விட்டுட்டு வயித்தைக் குறி பாருங்க.

ஊருணிக்கரை | நவம்பர் 3, காலை 11:15

மழைக்குப் பின் கண்மாய் நிரம்பி, கரையெல்லாம் நெய்வேலிக் காட்டாமணக்கு. அந்த ஊதாப்பூவுக்குள்ளிருந்து ஒன்று வெளியே வந்தது. வயிற்றில் பொடி. ஆனால் மஞ்சள் இல்லை, வெள்ளை.

பட்டியக்கல் | நவம்பர் 3, மதியம் 2:00

இதுதான் நல்ல கேள்வி. காட்டாமணக்குன்னு பேர் இருந்தாலும் அது ஆமணக்குச் சொந்தம் இல்ல, சர்க்கரை வள்ளிக்கிழங்கு, தாளிக்கீரைக் குடும்பம். அந்தக் குடும்பத்து மகரந்தமும் பெரிய முள்ளுருண்டைதான். பிரேசில்ல லிதர்கஸ் ஹூபெரின்னு ஒரு சொந்தக்காரி இந்தக் குடும்பத்துலதான் மகரந்தம் எடுக்குது. ஐரோப்பாக்காரி லிதர்கஸ் கிரைசுரஸ் முள்செடிப் பூக்காரி, செண்டாரியா வகை. அமெரிக்கப் பங்காளிக சப்பாத்திக்கள்ளியை விட மாட்டாங்க. ஒவ்வொருத்தி வீட்டுச் சமையலும் வேற. நம்ம ஊர்க்காரி ரெண்டு குடும்பத்துலயும் கை வைக்கிறாளா, வெள்ளைப் பொடி உடம்புல தற்செயலா ஒட்டினதா? கண்ணால பாத்துச் சொல்ல முடியாது. மகரந்தத்தை ஸ்லைடு போட்டு நுண்ணோக்கியில பாத்தாத்தான் ஆகும்.

முற்றம் | நவம்பர் 4, இரவு 9:45

ஸ்லைடு போடும் முறை, கேட்பவர்களுக்காக. மகரந்தத்துக்குச் சாயம் ஏற்றும் ஃபுக்சின் ஜெல்லி.

காய்ச்சி வடித்த நீர் 17.5 மி.லி., கிளிசரின் 15 மி.லி., ஜெலட்டின் 5 கிராம், பீனால் அரை கிராம், பேசிக் ஃபுக்சின் நாலைந்து துணுக்கு. ஜெலட்டினை நீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு, கொதிநீர்ச் சட்டிக்குள் பாத்திரத்தை வைத்துக் கரைக்கவும். நேரடி அடுப்பு கூடாது, கொதித்தால் குமிழி அடைந்துவிடும். பிறகு கிளிசரின், பீனால், கடைசியில் ஃபுக்சின். நிறம் வெளிறிய ரோஜாவாக வந்ததும் நிறுத்தவும். பலரும் கெடுப்பது இங்கேதான்: நிறம் அடர்ந்தால் முள்ளும் உருண்டையும் ஒரே கருஞ்சிவப்பாகி ஒன்றும் தெரியாது. பீனால் தோலைப் பொசுக்கும், கையுறை போடவும். பீனால் சேர்க்காவிட்டால் சில வாரத்தில் பூஞ்சை.

தேனீயைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து, ஐஸ் பெட்டியில் பத்து நிமிடம். மயங்கிக் கிடக்கும். கடுகளவு ஜெல்லியை ஊசிமுனையில் குத்தி வயிற்றுத் தூரிகையில் ஒற்றி எடுக்கவும். தேனீயை நிழலில் விட்டால் சற்று நேரத்தில் பறந்துவிடும். ஜெல்லியை ஸ்லைடில் வைத்து அடியில் மெழுகுவர்த்தியை ஓரிரு நொடி காட்டி, உருகியதும் மூடுகண்ணாடி. அழுத்தக் கூடாது. 100 மைக்ரான் மகரந்த மணி கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு நிற்கும், அழுத்தினால் மணி நசுங்கும். சரிந்து நின்றால் ஓரத்தில் இன்னொரு துளி ஜெல்லி வைக்கவும்.

ஒரு தேனீக்கு ஓர் ஊசி. அதே ஊசியால் அடுத்ததைத் தொட்டால் பூவரசு வள்ளிக்கிழங்கில் காய்க்கும்.

முக்கியம்: ஜெல்லியில் எல்லா மகரந்தமும் ரோஜா நிறமாகிவிடும். வெள்ளையா மஞ்சளா என்பதை முன்பே எழுதி வைக்கவும். ஊரில் பூக்கும் ஒவ்வொரு செடியின் மகரந்தத்துக்கும் தனித்தனியாக ஒப்பீட்டு ஸ்லைடு போட்டு வைத்துக்கொள்ளவும். அது இல்லாமல் எண்ணுவது இருட்டறையில் சோழி உருட்டுவது.

முற்றம் | நவம்பர் 4, இரவு 10:10

விட்டுப்போனது. பருத்திக் குடும்பம், வள்ளிக்கிழங்குக் குடும்பம் இரண்டும் முள்ளுருண்டை என்றால் பிரிப்பது எப்படி? முள்ளுக்கு இடைப்பட்ட தரையைப் பார்க்கவும். காட்டாமணக்கில் முள்ளுக்கு நடுவே தேனடை மாதிரி வலைப்பின்னல், கண்ணிக்குள் துளை. துத்தி, பூவரசில் வலை இல்லை, தரை சமமாக, துளைகள் இங்கொன்று அங்கொன்று. 100 மடங்கில் எண்ணலாம், இதற்கு 400 வேண்டும். 400 லென்ஸை இறக்கும்போது மூடுகண்ணாடியில் மோதாமல் இறக்கவும், பெரிய மணி என்பதால் கண்ணாடி உயர்ந்துதான் நிற்கும்.

பனங்கை | நவம்பர் 12, மாலை 4:00

300 மணி எண்ண வேண்டும் என்கிறார்கள். சரி. முள்ளுருண்டை 80, சின்னச் சின்ன வழவழ மணி 220 வந்தால்? 27 சதவீதம்தான். இதைப் போய்ப் பிடிவாதக்காரி என்பதா?

முற்றம் | நவம்பர் 12, இரவு 8:30

எண்ணிக்கையில் ஏமாறக் கூடாது. சோறு கொள்ளளவில்தான். 25 மைக்ரான் மணிக்கு 100 மைக்ரான் மணி விட்டத்தில் 4 மடங்கு, கொள்ளளவில் 4×4×4 = 64 மடங்கு. 80×64 = 5120. சின்னது 220. மொத்தம் 5340-ல் 5120, ஏறக்குறைய 96 சதவீதம். கொள்ளளவில் 95 தாண்டினால் ஒரே குடும்பத்துக்காரி என்று கொள்வது வழக்கத்தில் உள்ள வரம்பு. 27-லிருந்து 96. பனங்கை கணக்கில் தேங்காயும் கடுகும் ஆளுக்கொன்று.

முற்றம் | நவம்பர் 13, காலை 5:50

ராத்திரி எழுதியதைத் திருத்துகிறேன். 100 மைக்ரான் பருத்திக்குப் பொருந்தும். துத்தி மகரந்தம் அதைவிட நன்றாகச் சிறியது. 50 என்று வைத்தால் 2×2×2 = 8 மடங்குதான். 80×8 = 640, கூட 220, மொத்தம் 860-ல் 74 சதவீதம். ஒரே ஸ்லைடு, அளக்காமல் விட்டால் பிடிவாதக்காரி என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். ஆகவே ஒவ்வொரு வகையிலும் பத்து மணியாவது அளந்து சராசரி போடவும். கண்வில்லையில் அளவுகோல் இல்லாதவர்கள் எண்ணிக்கையோடு நிறுத்திக்கொள்ளலாம், சதவீதம் எழுத வேண்டாம்.

பனங்கை | 7:20

தேங்காயைக் கொட்டாங்கச்சி ஆக்கிவிட்டார்கள். ஏற்றுக்கொள்கிறேன்.

பட்டியக்கல் | நவம்பர் 30, மாலை 6:00

மரத்தூண்ல ஓட்டை போடுதுன்னு ரெண்டு பேர் தனியா எழுதிக் கேட்டிருக்காங்க, பதில் இங்கயே. வளவுல நிக்கிற பர்மாத் தேக்குத் தூணுக்கு லிதர்கஸால ஆபத்து இல்ல. அது குடையிறது செத்து, காஞ்சு, மெதுவாப் போன மரம். தூண்லயோ கைமரத்துலயோ பெருவிரல் கிட்டத்தட்ட நுழையிற வட்ட ஓட்டையும் கீழ தடித்த மரச்சீவலும் இருந்தா அது பெரிய கருவண்டு. பவுடர் மாதிரி மாவு கொட்டுச்சுன்னா உளுப்பு வண்டு, அதுக்கு ஆசாரியைக் கூப்பிடுங்க. லிதர்கஸ் ஓட்டை பென்சில் தடிமன்தான், வாயில சொரசொரப்பான மரத்தூள்.

இலையோ பிசினோ எதுவும் உள்ள வைக்காது. குடைஞ்ச தூளை வச்சே அடைக்கும். அந்தப் பழக்கத்தை வச்சே இலைவெட்டியையும் பிசின் தேனீயையும் தள்ளிரலாம்.

வீட்டுக்குக் கூப்பிடணும்னா: காஞ்ச முருங்கை, கல்யாண முருங்கை, செத்த பூவரசுக் கிளை. 10–15 செ.மீ. தடிமன், ஒன்றரை அடி நீளம். வெட்டின உடனே கட்டாதீங்க, ஒரு கோடை காயணும். தாழ்வாரத்து விளிம்புல, நெஞ்சு உயரத்துல, கிழக்கு பாத்து, மழை படாத இடத்துல, காத்துல ஆடாமக் கட்டணும். தரையில வச்சா கரையான் முந்திக்கும். வார்னிஷ், வேப்பெண்ணெய், கழிவு எண்ணெய் எதுவும் பூசக் கூடாது. துளை போட்டு வைக்கிற மூங்கில் கட்டு இலைவெட்டிக்குத்தான். இவ தன் வீட்டைத் தானே குடைவா, கட்டின வீட்டுக்குக் குடி வர்ற ஆள் இல்ல.

ஊருணிக்கரை | டிசம்பர் 8, மாலை 6:25

கண்டுபிடித்துவிட்டேன்! காய்ந்த துத்திக் குச்சியில் இருட்டும் நேரத்தில் ஏழெட்டு வரிசையாக வாயால் கடித்துத் தொங்குகின்றன. இரவு தங்குவதும் துத்தியில்தான்.

செம்பொறை | 6:50

வயித்து வரி என்ன நிறம்?

ஊருணிக்கரை | 6:58

...நீலம்.

செம்பொறை | 7:01

நீலவரித் தேனீ ஆண்கள், வீடில்லாத பசங்க. குச்சி கிடைச்சாப் போதும், துத்தியோ கம்பியோ பாக்க மாட்டாங்க. படுக்கிற இடத்தை வச்சுச் சாப்பாடு சொல்ல முடியாது.

முற்றம் | டிசம்பர் 22, காலை 7:00

மார்கழி எச்சரிக்கை. கோலத்துச் சாணி உருண்டையில் வைக்கும் பரங்கிப்பூவின் மகரந்தமும் பெரிய முள்ளுருண்டை. கோலம் வைத்த கையோடு ஸ்லைடு போட்டால் லிதர்கஸ் பரங்கிக்காரி ஆகிவிடுவாள். பிரிக்கும் வழி: பரங்கி மணியில் துளை ஒவ்வொன்றுக்கும் வட்ட மூடி இருக்கும், ஜாடிக்கு மூடி போட்ட மாதிரி. பருத்திக் குடும்பத்தில் மூடி இல்லை. அமெரிக்காவில் பரங்கிக்கென்றே தனித் தேனீ இருக்கிறது. காய் கப்பலேறி வந்து நம்ம புளிக்கறியில் சேர்ந்துவிட்டது, அந்தத் தேனீ வரவில்லை.

பனங்கை | டிசம்பர் 22, மதியம் 1:10

செம்பருத்தி நட்டால் வருமா?

பட்டியக்கல் | 1:45

ஒற்றைச் செம்பருத்தியா இருந்தாப் பாக்கலாம். அடுக்குச் செம்பருத்தி சாமிக்கு மட்டும்தான், மகரந்தத்தாளெல்லாம் இதழாப் போயிருச்சு. துத்தி விதையே போடுங்க, காசு இல்லாதது. விதைத்தோல் கெட்டி, அப்படியே போட்டா மாசக்கணக்கா முளைக்காது. உப்புத்தாள்ல லேசா உரசி, இல்லாட்டி கொதிச்சு இறக்கின தண்ணியை ரெண்டு நிமிஷம் ஆறவிட்டு விதை மேல ஊத்தி ராத்திரி ஊறவச்சுப் போடுங்க. ரெண்டடி இடைவெளி. செம்மண்ணுல உரம் எதுவும் வேண்டாம். காலைக்கு நாலு வெண்டை, வேலியில ஒரு பூவரசுக் கொம்பு. விடியலுக்கும் அந்திக்கும் நடுவுல பட்டினி வராது.

செம்பொறை | ஜனவரி 6, இரவு 8:15

பருத்தி பூக்கத் தொடங்கியாச்சு. வெள்ளைப்பூ இன்னிக்கு விரிஞ்சது, ரோஜா நிறம் நேத்தையது. கவனிக்கிறவங்க வெள்ளையில மட்டும் நில்லுங்க, ரோஜாவுல மகரந்தம் மிச்சம் இருக்காது.

இன்னொண்ணு, மருந்து விஷயம். தேனீக்குக் கெடுதல் வராம இருக்க சாயங்காலம் அடிங்கன்னு சொல்றது வழக்கம். வெண்டைக்கும் பருத்திக்கும் அது சரி, அந்த நேரத்துக்குள்ள பூ வாடிரும். ஆனா அதே வயல் வரப்புல துத்தி இருந்தா அது விரிஞ்சு கிடக்கிறதே சாயங்காலம்தான். தெளிப்பு காத்துல வரப்புக்கு அடிச்சா, காலையில தப்பிச்ச தேனீ அங்க மாட்டும். வரப்போரம் ஆறேழு அடி விட்டு, காத்து வரப்புல இருந்து வயலுக்கு வீசுற நேரமா அடிக்கணும். வெண்டை விதை கலர் பூச்சோட வந்தா அது விதை நேர்த்தி செஞ்ச மருந்து, வீட்டுக் கொல்லைக்கு நாட்டு விதையே வாங்குங்க.

ஊருணிக்கரை | ஜனவரி 11, காலை 9:30

பொங்கலுக்கு ஊருணி மேட்டைச் சுத்தம் செய்ய ஆள் வந்துவிட்டார்கள். துத்தியை வேரோடு பிடுங்கச் சொல்லி உத்தரவாம்.

பட்டியக்கல் | 9:34

உடனே போய்ப் பேசுங்க தம்பி. பிடுங்க வேண்டாம், முழங்கால் உயரத்துல வெட்டச் சொல்லுங்க. அடிக்கட்டையில இருந்து திரும்பத் துளுக்கும். காஞ்ச முருங்கைக் கட்டை ஏதாவது அங்க கிடந்தா போகியில போடவிடாதீங்க, உள்ள பிள்ளை இருக்கும்.

ஊருணிக்கரை | 11:20

பாதி மேடு தப்பியது. கட்டை மூன்று கிடைத்தது, ஒன்றில் பென்சில் அளவு ஓட்டை, வாயில் மரத்தூள். தாழ்வாரத்தில் கட்டிவிட்டேன், கிழக்கு பார்த்து.